பள்ளியில் சஸ்பெண்ட் ஆனதைக் கல்லூரி விண்ணப்பத்தில் சொல்ல வேண்டுமா?

அக்டோபர் பிறந்தால் எனக்கு வரும் போன்களில் ஒரு வகை உண்டு. பேசுபவர் முதலில் பையனின் ஜிபிஏ, எஸ்ஏடி மதிப்பெண், ரோபாட்டிக்ஸ் கிளப், மிருதங்க அரங்கேற்றம் எல்லாவற்றையும் சொல்லி முடிப்பார். பிறகு குரல் தாழும். "ஒரு சின்ன விஷயம் மேடம். டென்த் கிரேடுல மூணு நாள் சஸ்பெண்ட் பண்ணிட்டாங்க. எழுதாம விட்டா தெரிஞ்சுடுமா?"

அமெரிக்காவில் உள்ள தமிழ்க் குடும்பங்களுக்குக் கல்லூரி விண்ணப்ப ஆலோசகராக இருக்கிறேன். 'தெரிஞ்சுடுமா' என்பதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: அந்தக் கல்லூரி என்ன கேட்டிருக்கிறது? இதைப் படிக்காமலேயே பாதிப் பேர் பயப்படுகிறார்கள், மீதிப் பேர் மறைக்கிறார்கள்.

ஆயிரத்துக்கும் மேற்பட்ட கல்லூரிகள் பயன்படுத்தும் பொது ஆன்லைன் விண்ணப்பமான காமன் ஆப்பில், பள்ளி ஒழுங்கு நடவடிக்கை பற்றிய கேள்வி 2006 வாக்கில் சேர்ந்தது. 2021-22 விண்ணப்பப் பருவத்திலிருந்து பொதுப் பகுதியில் அது இல்லை. எடுத்ததற்கு அவர்கள் சொன்ன காரணம் கவனிக்க வேண்டியது. 'ஆம்' என்று பதில் எழுத வேண்டிய நிலையில் இருந்த கறுப்பின மாணவர்களின் விகிதம், வெள்ளை மாணவர்களைவிட இரண்டு மடங்குக்கும் மேல். அதோடு, 'ஆம்' என்று குறித்தவர்களில் கணிசமானோர் விண்ணப்பத்தைச் சமர்ப்பிக்காமலே விட்டிருந்தார்கள். கேள்வியே பிள்ளைகளை வாசலில் வைத்துத் திருப்பி அனுப்பியிருக்கிறது. அதை எடுத்தது சரியான முடிவு என்பது என் கருத்து.

ஆனால் இந்தச் செய்தி நம் வாட்ஸ்அப் குழுக்களில் "இப்பல்லாம் கேக்கறதே இல்லையாம்" என்று சுருங்கிவிட்டது. பாதிதான் உண்மை. பொதுப் பகுதியில் இல்லை, அவ்வளவுதான். ஒவ்வொரு கல்லூரியும் தனக்கென்று வைத்திருக்கும் கேள்விப் பகுதியில் இதைக் கேட்கலாம், சில கேட்கின்றன. பத்து கல்லூரிக்குப் போடும் பிள்ளைக்கு மூன்று இடத்தில் கேள்வி இருக்கலாம், ஏழு இடத்தில் இல்லாமல் போகலாம். கேட்காத இடத்தில் தானாகப் போய்ச் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. கேட்ட இடத்தில் பொய் கூடாது.

கேள்வியின் வாசகமும் ஒரே மாதிரி இருக்காது. ஒரு கல்லூரி சஸ்பென்ஷனும் வெளியேற்றமும் மட்டும் கேட்கும். இன்னொன்று 'ஒன்பதாம் வகுப்பு முதல் எந்த ஒழுங்கு நடவடிக்கையும்' என்று விரித்துக் கேட்கும். வேறொன்று இப்போது நடந்துகொண்டிருக்கும் விசாரணையையும் சேர்த்துக் கேட்கும். எட்டாவதில் நடந்த அடிதடியை 'ஒன்பதாம் வகுப்பு முதல்' என்று கேட்கும் கல்லூரிக்கு எழுத வேண்டியதில்லை. விசாரணையில் தவறு நிரூபணமாகவில்லை என்றால், 'தவறு செய்ததாக முடிவானதா' என்ற கேள்விக்குப் பதில் 'இல்லை'தான். கைது, வழக்கு பற்றிய கேள்வி தனி, இதோடு குழப்ப வேண்டாம்.

சரி, தெரிந்துவிடுமா? பள்ளியின் கவுன்சிலர் தனியாக ஓர் அறிக்கை அனுப்புகிறார். சில பள்ளிகள் ஒழுங்கு விவரங்களை வெளியே சொல்வதில்லை என்று கொள்கையே வைத்திருக்கின்றன, சில கேட்டால் சொல்லிவிடும். மாணவர் பதிவேடு பற்றிய 1974 ஆம் ஆண்டு ஃபெடரல் சட்டமான ஃபெர்பா, பிள்ளை சேர விரும்பும் கல்லூரிக்குப் பெற்றோரின் சம்மதம் இல்லாமலே பதிவேட்டை அனுப்பவும் பள்ளிக்கு இடம் கொடுக்கிறது. பிள்ளை 'இல்லை' என்று எழுதி, கவுன்சிலர் 'ஆம்' என்று எழுதினால், மூன்று நாள் சஸ்பென்ஷன் அங்கே பின்னுக்குப் போய்விடும். கல்லூரி பார்ப்பது பொய்யைத்தான். அதனால் பதினொன்றாம் வகுப்பு முடிவதற்குள் கவுன்சிலரிடம் நேராகக் கேட்டுவிடுங்கள்: "கல்லூரி கேட்டால் நீங்கள் என்ன சொல்வீர்கள்?" அவர்கள் காதில் அடிக்கடி விழும் கேள்விதான் இது. வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஊரில் படித்த நமக்கு டிசியில் 'நடத்தை: நன்று' என்று எழுதிக் கொடுத்தே பழக்கம். ஹெட்மாஸ்டரிடம் பிரம்படி வாங்கியவனுக்கும் 'நன்று'தான். அந்த நினைப்பில், இங்கே பதிவேடு என்று ஒன்று இருப்பதே பல பெற்றோருக்கு உறைப்பதில்லை. அதே ஃபெர்பாவின்படி அதைப் பார்க்க உங்களுக்கு உரிமை உண்டு. எழுதிக் கேட்டால் 45 நாளுக்குள் பள்ளி காட்ட வேண்டும். பிள்ளைக்கு 18 வயதானால் அந்த உரிமை பிள்ளைக்குப் போய்விடும். நீங்கள் 'சஸ்பென்ஷன்' என்று நினைத்துப் பயந்துகொண்டிருப்பது பதிவில் வெறும் டிடென்ஷனாக (பள்ளி நேரத்துக்குப் பின் உட்கார வைக்கும் சின்னத் தண்டனை) இருப்பதும் உண்டு, நேர்மாறாகவும் உண்டு. விவரம் தவறாகப் பதிவாகியிருந்தால் திருத்தக் கேட்கலாம். தண்டனையே நியாயமில்லை என்று வாதாடும் இடம் மட்டும் அது இல்லை.

வாதாட வேண்டியது சம்பவம் நடந்த அன்று. வைஸ் பிரின்சிபல் கூப்பிட்டதும் பதறிப் போய், நீட்டிய தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு வரும் அப்பாக்களே அதிகம். ஒஹையோ மாநிலத்தின் கொலம்பஸ் மாணவர்கள் தொடுத்த வழக்கில், 1975 ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது: பொதுப் பள்ளியில் 10 நாள் வரையிலான சஸ்பென்ஷனுக்குக்கூட, குற்றச்சாட்டு என்ன என்று சொல்லி மாணவர் தன் தரப்பைச் சொல்ல வாய்ப்புத் தர வேண்டும். தனியார் பள்ளிக்கு இது பொருந்தாது. அங்கே அவர்களின் கையேடுதான் சட்டம். எந்தப் பள்ளியானாலும் கேட்டுக்கொள்ளுங்கள்: இது எந்தப் பெயரில் பதிவாகும், எத்தனை காலம் இருக்கும், நீக்க வழி உண்டா?

இனி எழுதும் விதம். பெயரும் அடையாளமும் மாற்றிச் சொல்கிறேன். பள்ளிக் கழிவறையில் வேப்போடு (மின்சிகரெட்) பிடிபட்ட ஒரு பையனின் விளக்கத்தை அவன் அப்பா எழுதிக் கொண்டுவந்தார். 'கூடா நட்பின் விளைவாக நேர்ந்த துரதிர்ஷ்டவசமான தவறான புரிதல்' என்ற ரீதியில் ஒன்றரைப் பக்கம். வேப் என்ற சொல் ஓரிடத்திலும் இல்லை. நண்பன் மேல் பழி, பள்ளி மேல் பழி, நடுவில் பாட்டியின் உடல்நிலை. பையனைத் தனியாக உட்கார வைத்து 'என்னடா நடந்தது' என்று கேட்டேன். அவன் சொன்னதையே எழுதச் சொன்னேன். ஆறு வரி வந்தது. பத்தாம் வகுப்பு மார்ச்சில் பள்ளியில் வேப் வைத்திருந்தேன். என்னுடையதுதான். மூன்று நாள் சஸ்பென்ஷன். டிராக் டீமில் அந்தப் பருவம் ஓடவிடவில்லை. பள்ளி அனுப்பிய வகுப்பை முடித்தேன். அதன் பிறகு எந்தப் புகாரும் இல்லை, மறு வருடம் டீமில் திரும்பச் சேர்ந்தேன். போதும். அட்மிஷன் ஆபீஸர் தேடுவது இதைத்தான்: என்ன நடந்தது, ஒத்துக்கொள்கிறானா, அதற்குப் பிறகு என்ன செய்தான்.

எச்-4 விசாவில் (எச்-1பி வேலை விசாவில் இருப்பவரின் குடும்பத்துக்குத் தரும் விசா) இருக்கும் பிள்ளைகள் விஷயத்தில் மட்டும் ஒரு கூடுதல் ஜாக்கிரதை. வேப்பில் இருந்தது நிக்கோட்டின் இல்லை, கஞ்சா என்றால், ஒரு வரி எழுதும் முன் இமிக்ரேஷன் வக்கீலைப் பாருங்கள். நியூ ஜெர்சியிலும் கலிஃபோர்னியாவிலும் பெரியவர்களுக்குக் கஞ்சா அனுமதி இருந்தாலும் ஃபெடரல் சட்டத்தில் அது குற்றம்தான். குடியுரிமை இல்லாதவர் போதைப்பொருள் விஷயத்தை ஒப்புக்கொள்வது, தண்டனையே இல்லாவிட்டாலும், பின்னால் விசா, கிரீன் கார்டு நேரத்தில் தலைவலியாகலாம். இது என்னைப் போன்ற ஆலோசகர் பதில் சொல்லும் விஷயமே இல்லை.

சீட் கிடைத்துவிட்டால் முடிந்தது என்று நினைப்பவர்களும் உண்டு. விண்ணப்பத்தின் கடைசியில் பிள்ளை கையெழுத்திடும் உறுதிமொழியைப் பாருங்கள். தகவல் பொய்யானால் அட்மிஷன் ரத்து, வெளியேற்றம், படித்து வாங்கிய பட்டமே ரத்து என்பதுவரை அதில் இருக்கிறது. பன்னிரண்டாவதின் கடைசி மாதங்களில், ஒரு கூத்துக்காக எதையாவது செய்து பள்ளியில் மாட்டிக்கொள்வதும் நடக்கிறது. ஏற்கெனவே 'இல்லை' என்று பதில் சொன்ன கல்லூரிக்கும், மாற்றம் இருந்தால் தெரிவிக்கச் சொன்ன கல்லூரிக்கும் அதை உடனே எழுத வேண்டும், பள்ளியின் இறுதி அறிக்கை போகும்வரை காத்திருக்கக் கூடாது. முதலில் கவுன்சிலரிடம் பேசிவிட்டு, அதே வாரத்தில் மெயில். பிள்ளையின் மெயில் ஐடியிலிருந்து, பிள்ளையே எழுதியதாக. அப்பாவின் ஆபீஸ் ஐடியிலிருந்து வேண்டாம்.