நடந்துகொண்டிருக்கும் தீவு

அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் உள்ள ஹாட்டரஸ் தீவுக்கு விடுமுறைக்குப் போகிறவர்கள் அலையோரம் நடந்தால், கறுத்துப்போன ஆளிச் சிப்பி ஓடுகள் காலில் தட்டுப்படும். பலரும் ஒன்றிரண்டைப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டு நகர்ந்துவிடுவார்கள். அப்படி நகராமல், அந்த ஓட்டை உள்ளங்கையில் வைத்துச் சற்று நேரம் பாருங்கள். ஆளி, அலை மோதும் திறந்த கடற்கரை மணலில் வளர்வதில்லை. உப்பு நீரும் நன்னீரும் கலந்து கிடக்கும் அமைதியான கழிதான் அதன் வீடு. காற்றுப் புகாத கழிச்சேற்றில் நெடுங்காலம் புதைந்து கிடந்ததால்தான் ஓடு இப்படிக் கறுத்திருக்கிறது. ஆனால் கழி இருப்பது தீவின் பின்புறம்; பம்லிகோ என்பது அதன் பெயர். கழியில் வளர்ந்த சிப்பி, கடல் பக்கம் எப்படி வந்தது?

சிப்பி கிடந்த இடத்திலேயே கிடந்தது. தீவுதான் அதன்மேல் ஏறிக் கடந்து போயிருக்கிறது.

ஹாட்டரஸ், 'அவுட்டர் பேங்க்ஸ்' எனப்படும் தீவுச் சங்கிலியின் ஒரு கண்ணி. ஏறக்குறைய 320 கிலோமீட்டர் நீளத்துக்கு, நிலத்துக்கும் அட்லாண்டிக் கடலுக்கும் நடுவே மெல்லிய மணல் நாடாவாக அந்தச் சங்கிலி நீண்டு கிடக்கிறது. இத்தகையவற்றைத் தடுப்புத் தீவுகள் என்கிறார்கள். பழவேற்காடு ஏரியையும் வங்கக் கடலையும் பிரித்து நிற்கும் ஸ்ரீஹரிகோட்டாவும் இந்த இனம்தான். சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன் கடல்மட்டம் இன்றைவிட ஏறக்குறைய 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. கடற்கரை கிழக்கே வெகுதூரத்தில் இருந்தது. பனி உருகிக் கடல் ஏற ஏற, கரையும் மேற்கே ஒதுங்கி வந்தது. பிடித்து நிறுத்தப் பாறை இல்லாத மணல் தீவுகள் கடலுக்கு முன்னால் பின்வாங்கிக்கொண்டே இருக்கின்றன.

பெரும்புயலில் அலைகள் முகப்பு மணல்மேட்டை உடைத்து, மணலை வாரிக்கொண்டு தீவின் குறுக்கே பாயும். வேகம் தணிந்ததும் அந்த மணல் கழிப்பக்கத்தில் விசிறிபோல் படியும். முன்புறம் இழந்தது பின்புறம் சேர்கிறது; அதன்மேல் புல் முளைக்கிறது. சில புயல்கள் தீவையே அறுத்துவிடும். 1846 செப்டம்பரில் வீசிய சூறாவளியில்தான் ஓரிகன், ஹாட்டரஸ் என்ற இரு முகத்துவாரங்களும் திறந்தன. இன்றும் படகுகள் அவற்றின் வழியே போய்வருகின்றன. முகத்துவாரத்தில் ஏறும் கடல்நீர் மணலைக் கழிக்குள் கொண்டுபோய்த் திட்டுகளாகக் குவிக்கிறது. தீவு நாளை காலூன்றப்போகும் தரை அந்தத் திட்டுகள்தான். 2003இல் இசபெல் சூறாவளி ஹாட்டரஸ் கிராமத்துக்கு அருகே இன்னொரு வாயை வெட்டி, நெடுஞ்சாலையை அறுத்தது. பொறியாளர்கள் இரண்டே மாதத்தில் அதை மணலால் அடைத்துவிட்டார்கள்.

புயல் இல்லாத நாட்களில் காற்று வேலை செய்கிறது. நாக்ஸ் ஹெட் ஊரில் உள்ள ஜாக்கீஸ் ரிட்ஜ், அமெரிக்காவின் அட்லாண்டிக் கரையிலேயே மிக உயரமான, இன்னும் நகர்ந்துகொண்டிருக்கும் மணற்குன்று. மாலையில் அங்கே ஏறிப் பட்டம் விடாமல் திரும்பாதீர்கள். முன்பு அங்கே இருந்த சிறு கோல்ஃப் விளையாட்டுத் திடலையே இந்தக் குன்று விழுங்கிவிட்டது. திடலின் பொம்மைக் கோட்டை அவ்வப்போது மணலுக்கு வெளியே தலைகாட்டும். இதே காற்றையும் மணலையும் நம்பித்தான் ரைட் சகோதரர்கள் பக்கத்திலுள்ள கில் டெவில் ஹில்ஸுக்கு வந்தார்கள். 1903 டிசம்பர் 17 அன்று அவர்களது விமானத்தின் முதல் பறத்தல் 12 விநாடி நீடித்தது.

மணல்மேட்டில் கடல் ஓட்ஸ் என்ற உயரமான புல்லைக் காணலாம். அதன் தாள்கள் காற்றைத் தடுக்கும். வேகம் குறைந்த காற்று மணலைக் கீழே போடும். மணல் மூட மூடப் புல் அதற்கு மேலே வளரும், வேரும் கூடவே பரவும். மேடு உயர்வது இப்படித்தான். தயவுசெய்து அதை மிதிக்காதீர்கள், நடைபலகை வழியே போங்கள்.

1930களில் அரசு வேலைத்திட்டத்தின் கீழ் ஆயிரக்கணக்கானோர் வேலியடித்து, புல் நட்டு, கடலோரம் நெடுக மணல் அரண் எழுப்பினார்கள். அரணை நம்பிச் சாலையும் வீடுகளும் வந்தன. ஆனால் அலை தாண்டாவிட்டால் பின்புறத்துக்கு மணல் போவது எப்படி? முன்புறம் மட்டும் அரிபட, தீவு ஒடுங்கியது. ரோடாந்தே ஊரில் 2020 முதல் வீடுகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கடலில் சரிகின்றன. அதைப் பார்த்தால் மனம் கனக்கிறது.

கலங்கரை விளக்கத்தின் கதை வேறு. ஏறக்குறைய 200 அடி உயரமுள்ள ஹாட்டரஸ் விளக்கம் 1870இல் கட்டி முடிந்தபோது, கடலுக்கு 1,500 அடி தள்ளி நின்றது. 1970இல் மிஞ்சியது 120 அடிதான். 1999இல் அந்தச் செங்கல் கோபுரத்தை உடைக்காமல் அடியோடு தூக்கி இரும்புப் பாதையில் ஏற்றி, ஒரு தள்ளலுக்கு 5 அடியாக 23 நாளில் 2,900 அடி நகர்த்தினார்கள். தீவு நகர்வதை ஒப்புக்கொண்டு கூடவே நகர்ந்த கட்டடம் அது. நான் அங்கே முதலில் பார்க்கச் சொல்வதும் அதைத்தான்.

விளக்கம் பழைய இடத்தை விட்டுப் போனபின், விளக்கைக் காத்தவர்களின் பெயர்களை அடித்தளக் கற்களில் பொறித்து அங்கேயே வட்டமாக வைத்திருந்தார்கள். புயலுக்குப் புயல் மணல் அவற்றை மூடியது. 2015இல் அந்தக் கற்களையும் பெயர்த்தெடுத்து, கோபுரத்தின் பக்கத்துக்கே கொண்டுவந்துவிட்டார்கள்.