‘சஃபரிங் ஃப்ரம்’ என்று எழுதுமுன்

சென்னையில் ஒரு மாற்றுத்திறனாளிக் குழந்தை வளர்ந்து வேலைக்குப் போகும்வரை அந்தக் குடும்பம் சேர்த்து வைக்கும் ஃபைலில் பாதிக்கு மேல் ஆங்கிலம்தான் இருக்கும். டிஸ்சார்ஜ் சம்மரி, உளவியல் மதிப்பீடு, பள்ளிக்குக் கொடுத்த லெட்டர், கடைசியில் ரெஸ்யூமே. வீட்டில் தமிழில் பார்த்துப் பார்த்துப் பேசுகிறவர்கள்கூட, இந்தக் காகிதங்களில் யாரோ எப்போதோ எழுதிய ஆங்கிலத்தை அப்படியே எடுத்து எழுதிவிடுகிறார்கள். மறுவாழ்வு உளவியலாளராக அந்த ஃபைல்களைப் படிப்பதும், அவற்றில் இன்னும் சில பக்கங்களைச் சேர்ப்பதும் என் தினசரி வேலை. பல இடங்களில் ஆளைப் பார்ப்பதற்கு முன்பே அந்த வார்த்தைகளைப் பார்த்து முடிவு செய்துவிடுகிறார்கள்.

பி.காம். முடித்த, மூளை முடக்குவாதம் (செரிப்ரல் பால்சி) உள்ள ஓர் இளைஞருக்குக் கல்லூரியில் கொடுத்த பரிந்துரைக் கடிதம் இது: ‘ஹீ இஸ் சஃபரிங் ஃப்ரம் செரிப்ரல் பால்சி அண்ட் இஸ் கன்ஃபைன்டு டு எ வீல்சேர்.’ எழுதிய பேராசிரியர் அவர்மேல் அக்கறை உள்ளவர்தான். ஆனால் ஓ.எம்.ஆரில் ஏதோ ஒரு நிறுவனத்தில் இதைப் படிக்கும் ஹெச்.ஆர். மனதில் என்ன நிற்கும்? வலியில் துடிக்கிற, நகர முடியாத ஒருவர். உண்மையில் அவர் தினமும் சக்கர நாற்காலியில் கல்லூரிக்குப் போய் வந்தவர். அவர் அவதிப்படுவது லிஃப்ட் இல்லாத கட்டடத்தில். அந்த வரியை, ‘ஹீ ஹாஸ் செரிப்ரல் பால்சி அண்ட் யூசஸ் எ வீல்சேர்’ என்று மாற்றினோம். அதற்குக் கீழே, நாற்காலி உள்ளே போகும் அளவு மேசை, சாய்தளம், அகலமான கதவுள்ள கழிப்பறை மூன்றும் தேவை என்று சேர்த்தோம். இப்போது படிப்பவருக்கு என்ன ஏற்பாடு செய்ய வேண்டும் என்று தெரிகிறது. ‘வீல்சேர் பௌண்ட்’ என்பதும் இதே வகைதான். 2022இல் மெரினா கடற்கரையில் சக்கர நாற்காலிகளுக்கென மரப்பாதை திறந்தபோது அலை வரைக்கும் போனவர்களை அங்கே கொண்டுபோய்ச் சேர்த்ததே அந்த நாற்காலிதானே!

எனக்கு மிகவும் கவலை தருவது எங்கள் துறையே பரப்பிய ஒரு சொல்: ‘மென்டல் ஏஜ்’. இருபத்து நான்கு வயதுப் பெண்ணின் அறிக்கையில், ‘மென்டல் ஏஜ் ஆறு’ என்று இருக்கும். அது ஒரு தேர்வில் வந்த மதிப்பெண்ணைச் சொல்லும் முறை, அவ்வளவுதான். ஆனால் அந்த வரியைப் படித்த பிறகு உறவினர்கள் அவரிடம் மழலையில் பேசுகிறார்கள். மாதவிடாய் பற்றி யாரும் விளக்குவதில்லை, வங்கிக் கணக்கு எதற்கு என்று கேட்கிறார்கள். அவர் இருபத்து நான்கு வருட வாழ்க்கை உள்ள பெண். பஸ் நம்பர் பார்த்து ஏறுவார், சில்லறை எண்ணத் துணை வேண்டும், யாரை நம்பலாம் என்று சொல்லித்தர வேண்டும். அறிக்கையில் எழுத வேண்டியது இதைத்தான். ‘ஹை ஃபங்ஷனிங்’, ‘லோ ஃபங்ஷனிங்’ என்று எழுதுவதிலும் இதே கோளாறு உண்டு. முதல் வகையினருக்கு உதவி மறுக்கப்படுகிறது, இரண்டாம் வகையினருக்கு வாய்ப்பு மறுக்கப்படுகிறது. எதில், எவ்வளவு துணை வேண்டும் என்று நேராக எழுதினால் இரண்டும் நடக்காது.

அப்புறம், இனிப்பான வார்த்தைகள். ‘ஸ்பெஷல் சைல்ட்’, ‘ஸ்பெஷலி ஏபிள்டு’, ‘காட்ஸ் கிஃப்ட்’. இவற்றை எழுதும் பெற்றோரின் மனம் எனக்குப் புரியும். கடுமையான சொல்லைப் பிள்ளையின் பெயருக்குப் பக்கத்தில் பார்க்க யாருக்குத்தான் மனம் வரும்? ஆனால் சட்டத்துக்கு இந்தச் சொற்கள் தெரியாது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஆங்கிலத்தில், ‘பெர்சன் வித் டிசெபிலிட்டி’ என்றே பேசுகிறது. 21 வகைகளைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. குறைபாடு 40 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால், ‘பெஞ்ச்மார்க் டிசெபிலிட்டி’. உயர்கல்வியில் 5 சதவீதம், அரசு வேலையில் 4 சதவீதம் என்ற ஒதுக்கீடு அந்தச் சொல்லோடுதான் கட்டப்பட்டிருக்கிறது. தேர்வில் கூடுதல் நேரமோ, சொல்லச் சொல்ல எழுதித் தரும் ஸ்கிரைபோ கேட்கும் கடிதத்தில், ‘மை சன் இஸ் எ லிட்டில் ஸ்லோ’ என்று எழுதினால், ‘நல்லாப் படிக்கச் சொல்லுங்கம்மா’ என்ற பதில்தான் வரும்.

தமிழில் ‘மாற்றுத்திறனாளி’ கண்ணியமான சொல், பழகிவிட்ட சொல். அதை ஆங்கிலத்துக்குக் கொண்டு போய், ‘டிஃபரண்ட்லி ஏபிள்டு’ ஆக்கும்போதுதான் சிக்கல். தமிழக அரசுத் துறையின் ஆங்கிலப் பெயரிலேயே அது இருக்கிறது, உண்மைதான். ஆனால் ஐ.நா.வின் 2006 உடன்படிக்கை, ‘டிசெபிலிட்டி’ என்றே சொல்கிறது. உரிமை கேட்டு இயங்குகிறவர்களில் பலர் இந்தப் பூசி மெழுகிய சொல்லை வேண்டாம் என்கிறார்கள். விண்ணப்பம், புகார், சட்டம் சம்பந்தப்பட்ட எதிலும் நான், ‘டிசெபிலிட்டி’ என்றே எழுதுகிறேன்.

சரி, ‘பெர்சன் வித்’ என்று போட்டுவிட்டால் எல்லாருக்கும் பொருந்துமா? பொருந்தாது. கல்லூரியில் படிக்கும் ஒரு பெண் தன் அறிக்கையின் வரைவைப் படித்துவிட்டு, “மேடம், ‘ஆட்டிஸ்டிக்’னு போடுங்க. ‘வித் ஆட்டிசம்’னா ஏதோ ஹேண்ட்பேக் மாதிரி கூட மாட்டிக்கிட்டு வந்திருக்கேன்னு தோணுது” என்றார். பக்கத்தில் இருந்த அம்மாவுக்கு, ‘வித்’ இருந்தால்தான் நிம்மதி. அறிக்கை அந்தப் பெண்ணைப் பற்றியது, அவர் பதினெட்டைத் தாண்டியவர். அவர் சொன்னபடியே எழுதினேன். சின்னக் குழந்தை என்றால் பெற்றோர் சொல்லும் சொல் இருக்கட்டும், ஆனால் வளர்ந்ததும் அந்தப் பிள்ளையிடம் ஒருமுறை கேட்க வேண்டும்.

காது கேளாதோர் விஷயத்தில் இது இன்னும் ஆழமானது. ‘டெஃப் அண்ட் டம்ப்’ என்பதை எந்தக் காகிதத்தில் பார்த்தாலும் எடுத்துவிடுங்கள். ‘டம்ப்’ என்றால் ஆங்கிலத்தில் முட்டாள் என்றும் பொருள். சைகை மொழியில் மணிக்கணக்காக வாதாடுகிறவரைப் பேச்சற்றவர் என்பது பொய்யும்கூட. அதற்குப் பதில், ‘ஹியரிங் இம்பேர்டு’ என்று போட்டால் மரியாதை என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் சைகை மொழியைத் தாய்மொழியாகக் கொண்டவர்களில் பலருக்கு அது பிடிப்பதில்லை. தங்களை ஏதோ கெட்டுப்போன காதாக மட்டும் பார்ப்பதாக உணர்கிறார்கள். ஒரு மொழிச் சமூகமாகத் தங்களைக் காண்பவர்கள், ஆங்கிலத்தில் ‘டெஃப்’ என்பதைப் பெரிய எழுத்தில் (Deaf) தொடங்கி எழுதுகிறார்கள். சட்டத்தின் அளவுகோல் வேறு: இரண்டு காதிலும் 70 டெசிபெல் இழப்பு, ‘டெஃப்’; 60 முதல் 70 வரை, ‘ஹார்ட் ஆஃப் ஹியரிங்’. சான்றிதழுக்குச் சட்டத்தின் சொல், ரெஸ்யூமேக்கு அவர் தேர்ந்தெடுக்கும் சொல்.

வாய்ப்பேச்சு வராத குழந்தைகளை, ‘நான்-வெர்பல்’ (non-verbal, மொழி இல்லாதவர்) என்று எழுதும் பழக்கமும் இருக்கிறது. சென்னையில் உருவான ஆவாஸ் செயலியில் படங்களைத் தட்டி, “எனக்கு இட்லி வேண்டாம், தோசை” என்று வாக்கியம் அமைக்கிற குழந்தைக்கு மொழி இல்லை என்று எப்படிச் சொல்வது? ‘நான்-ஸ்பீக்கிங் (non-speaking), யூசஸ் ஏ.ஏ.சி.’ என்று எழுதுங்கள். ஏ.ஏ.சி. என்றால் படம், செயலி போன்ற மாற்றுத் தொடர்பு வழி.

நல்ல சொல்லும் கெட்டுப்போகும். ‘ஸ்பாஸ்டிக்’ என்பது தசை இறுக்கத்தைக் குறிக்கும் ஒரு மருத்துவச் சொல்தான். அது வசைச்சொல்லாக மாறிய பிறகு, பிரிட்டனின் ஸ்பாஸ்டிக்ஸ் சொசைட்டி 1994இல் ‘ஸ்கோப்’ என்று பெயரை மாற்றிக்கொண்டது. நம் ஊரில் இதே பெயரில் இருந்த அமைப்பு வித்யாசாகர் ஆனது.

இப்போது பல பெற்றோர் கேட்கும் கேள்வி. பிள்ளையின் பழைய சான்றிதழில், ‘மென்டல் ரிடார்டேஷன்’ என்று இருக்கிறது, என்ன செய்வது? மாற்றுத்திறனாளிகளுக்கான 1995ஆம் ஆண்டுச் சட்டத்தில் அதுதான் சொல். 2016 சட்டத்தில், ‘இன்டெலக்சுவல் டிசெபிலிட்டி’ (அறிவுசார் குறைபாடு) ஆகிவிட்டது. 1999ஆம் ஆண்டு நேஷனல் டிரஸ்ட் சட்டத்தின் பெயரிலோ பழைய சொல் அப்படியே நிற்கிறது. பழைய சான்றிதழைத் தூக்கிப் போடாதீர்கள், எப்போதிலிருந்து இந்த நிலை என்பதற்கு அதுதான் ஆதாரம். கவரிங் லெட்டரில் புதிய சொல்லை எழுதுங்கள். ‘பழைய சான்றிதழில் வேறு பெயரில் குறிக்கப்பட்டுள்ளது’ என்று ஒரு வரி சேர்த்து, யூ.டி.ஐ.டி. (மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய அடையாள) அட்டையின் நகலை முதலிலும் பழைய சான்றிதழை அதன் பின்னாலும் வைத்து இணையுங்கள்.