மெழுகுவர்த்தியை உறிஞ்சி அணைக்க முடியுமா?

“புதிதாக டெஸ்க்டாப் கம்ப்யூட்டர் ஒன்று கட்டுகிறேன். முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி வைத்த கேபினெட் மனதைப் பிடித்துவிட்டது. ‘அதற்குள் காற்றே போகாது, வலை முகப்பு வாங்கு’ என்கிறான் தம்பி. அவன் சொல்வது சரியா?” என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார்.

தம்பி சொல்வது பெரும்பாலும் சரி. “காற்றே போகாது” என்பது மட்டும் கொஞ்சம் மிகை.

பிராசசரும் கிராபிக்ஸ் கார்டும் வாங்கும் மின்சாரம் ஏறக்குறைய முழுவதும் கடைசியில் வெப்பமாகத்தான் மாறுகிறது. அதை வெளியே தூக்கிப் போக காற்றை விட்டால் ஆளில்லை. கம்ப்யூட்டர் 500 வாட் இழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். உள்ளே வரும் காற்று 10 டிகிரி மட்டும் சூடாகி வெளியேற வேண்டுமானால், நொடிக்குச் சுமார் 41 லிட்டர் ஓட வேண்டும். பாதிதான் ஓடுகிறதா? அப்போது 20 டிகிரி ஏறும். சூடு எல்லை மீறினால் பிராசசர் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். பணம் கொடுத்து வாங்கிய வேகம் பெட்டிக்குள்ளேயே முடங்கிவிடும்.

சரி, கண்ணாடி முகப்புக்கு வருவோம். 120 மில்லிமீட்டர் ஃபேன் ஒன்றில், நடுக்குமிழைக் கழித்தால் காற்று போகிற பரப்பு சுமார் 100 சதுர செ.மீ. முன்னால் மூன்று ஃபேன் என்றால் 300. கண்ணாடிக்குப் பின்னால் இரு ஓரத்திலும் 1 செ.மீ. அகலம், 40 செ.மீ. உயரத்துக்கு இடுக்கு விட்டிருந்தால் மொத்தமே 80 சதுர செ.மீ. அதே அளவு காற்று போக வேண்டுமென்றால் இடுக்கில் கிட்டத்தட்ட நான்கு மடங்கு வேகம் வேண்டும். அழுத்த இழப்போ வேகத்தின் இருமடியில் ஏறும். பதினான்கு மடங்கு என்று வந்து நிற்கும். ஃபேனுக்கு அவ்வளவு தெம்பு கிடையாது. அதனால் ஓட்டம் குறைகிறது, அல்லது ஃபேன் அலறுகிறது. ஃபேன் அட்டைப்பெட்டியில் பெரிதாகப் போட்டிருக்கும் சிஎஃப்எம் எண் (நிமிடத்துக்கு எத்தனை கன அடி காற்று என்ற கணக்கு), எதிரே எந்தத் தடையும் இல்லாதபோது கிடைப்பது. வண்ண விளக்கு எத்தனை என்று எழுதுகிறவர்கள், முகப்பில் துளைகளின் மொத்தப் பரப்பு எவ்வளவு என்பதையும் ஒரு வரி எழுதினால் என்ன குறைந்துவிடும்?

“முன்னால் அடைத்திருந்தால் என்ன, பின்னாலும் மேலேயும் நாலு ஃபேன் வைத்து உறிஞ்சிவிடலாமே?” என்று அடுத்த கேள்வி வரும். எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இதுதான்.

ஒரு மெழுகுவர்த்தியை ஏற்றி, ஒரு முழம் தள்ளி வைத்து ஊதிப் பாருங்கள். அணைந்துவிடும். இப்போது அதே தூரத்திலிருந்து மூச்சை உள்ளே இழுத்து அணைக்கப் பாருங்கள். சுடர் அசையக்கூட அசையாது. இழுத்தாலும் விட்டாலும் நுரையீரலில் புழங்குவது ஏறக்குறைய ஒரே அளவு காற்றுதான். ஏன் இந்த ஓரவஞ்சனை?

ஊதும்போது உதட்டை விட்டுப் புறப்படும் காற்றுக்கு ஒரு திசை இருக்கிறது, உந்தம் இருக்கிறது. பக்கத்துக் காற்றையும் கூட இழுத்துக்கொண்டு, மெல்ல மெல்ல விரிந்தபடி தாரையாக முன்னே போகிறது. உறிஞ்சும்போது நடப்பது வேறு. வாயருகே அழுத்தம் குறைகிறது, அவ்வளவுதான். அந்தக் குறையை நிரப்ப முன்னாலிருந்துதான் காற்று வர வேண்டும் என்று விதி இல்லை. மேலிருந்தும் கீழிருந்தும் கன்னத்தின் ஓரத்திலிருந்தும் வருகிறது. வாயைச் சுற்றி ஒரு கோளம் வரைந்தால் அதன் பரப்பு முழுவதும் காற்று உள்ளே வழிகிறது. தூரம் இரண்டு மடங்கானால் கோளத்தின் பரப்பு நான்கு மடங்கு, ஆகவே வேகம் கால்வாசி. காற்றோட்டப் பொறியாளர்களிடம் இதற்கு ஒரு கைக்கணக்கு உண்டு. உறிஞ்சும் துளையிலிருந்து அதன் ஒரு விட்டத்தின் தூரம் விலகினாலே வேகம் பத்தில் ஒரு பங்காகிவிடும். ஊதும் தாரை அதே பத்தில் ஒரு பங்குக்கு இறங்கச் சுமார் 30 விட்டத்தின் தூரம் போக வேண்டும். ஃபேனிலிருந்து வரும் காற்று சுழன்றுகொண்டே வருவதால் இன்னும் சீக்கிரம் தளரும்தான். ஆனாலும் கேபினெட்டின் நீளமே மூன்று, நான்கு விட்டம்தான் என்பதால் அது பொருட்டில்லை. மேசை ஃபேனுக்கு முன்னால் உட்கார்ந்தால் தலைமுடி பறக்கும், பின்னால் உட்கார்ந்தால் ஒன்றும் தெரியாது. அதே கதைதான்.

ஆக, முன்னால் இருக்கும் ஃபேன் குளிர்ந்த காற்றைக் குறி பார்த்துக் கிராபிக்ஸ் கார்டின் மேல் எறிய முடியும். பின்னால் இருப்பது பக்கத்தில் எது கிடைக்கிறதோ அதை வாரி வெளியே தள்ளும். இரண்டும் தேவை. ஆனால் ஒன்றின் வேலையை மற்றது செய்யாது.

அப்புறம் அந்தப் பழைய வாதம்: “சூடான காற்று தானாக மேலே போகும், அதனால் மேலே திறந்திருந்தால் போதும்.” அரை மீட்டர் உயரப் பெட்டிக்குள் 10 டிகிரி வித்தியாசம் தருகிற மிதப்பு அழுத்தம் 0.2 பாஸ்கல் அளவில்தான் இருக்கும். ஒரு சாதாரண ஃபேனே அதைப் போல 50 மடங்கு, அதற்கும் மேல்கூட அழுத்தம் தரும். இது தப்பில்லை, ஆனால் எடுபடாத உண்மை. இப்படி அளவைப் பார்க்காமல் பாதி அறிவியலை நம்புவதும் ஒருவகை மூடநம்பிக்கை என்றுதான் எனக்குப் படுகிறது.

பக்கக் கதவைக் கழற்றிவைத்தால் தீராதா என்றால், நானும் ஒரு வருடம் அப்படித்தான் ஓட்டினேன். பிராசசரின் சூட்டை வாங்கிக் காற்றுக்குக் கொடுக்கும் ஹீட்சிங்கின் தகடுகளுக்கிடையே தூசி கம்பளி மாதிரி படிந்து, கடைசியில் முன்பைவிடச் சூடு. கதவை மூடி, உள்ளே தள்ளும் காற்றை வெளியே இழுப்பதைவிடச் சற்று அதிகமாக வைத்தால் இடுக்குகள் வழியாகக் காற்று வெளியேதான் கசியும். தூசி வடிகட்டி வழியாக மட்டுமே உள்ளே வர முடியும். மாதம் ஒருமுறை அந்த வடிகட்டியைக் கழுவினால் போதும்.

ஆகவே, முகப்பு வலையாக இருக்கட்டும். வலைக்குப் பின்னால் டார்ச் அடித்தால் வெளிச்சம் தாராளமாக வெளியே தெரிகிறதா என்று பாருங்கள். கண்ணாடி ஆசையை விட வேண்டியதில்லை, அதைப் பக்கவாட்டில் வைத்துக்கொள்ளலாம். அந்த வழியாகக் காற்று வரவேண்டிய அவசியமே இல்லை.