பத்து லட்சத்தில் ஒருவருக்கு வரும் ரத்தத் தொற்று, யாரைத் தேடி வருகிறது?

ரத்த கல்ச்சர் பாட்டிலில் (கிருமி இருந்தால் வளரட்டும் என்று நோயாளியின் ரத்தத்தை விட்டு வைக்கும் பாட்டில்) வழக்கமில்லாத ஒரு பாக்டீரியா வளர்ந்தால், ஆய்வகத்திலிருந்து வார்டு டாக்டருக்குப் போன் செய்து சில கேள்விகள் கேட்போம். நோயாளிக்கு மண்ணீரல் (ரத்தத்தில் நுழையும் கிருமிகளை வடிகட்டும் உறுப்பு) இருக்கிறதா? வீட்டில் நாய் உண்டா? சமீபத்தில் கடி, கீறல் ஏதாவது? பல சமயம் அதுவரை யாரும் இதையெல்லாம் கேட்டிருக்க மாட்டார்கள். லட்சத்தில் ஒருவருக்குக்கூட வராத நோய் நம் வார்டில் ஏன் வரப்போகிறது என்பதுதான் காரணம். அந்தக் கணக்கு எப்படி வருகிறது என்று தெரிந்தால் இப்படி நினைக்கத் தோன்றாது.

கேப்னோசைட்டோஃபேகா கேனிமார்சஸ் என்ற பாக்டீரியாவை எடுத்துக்கொள்வோம். ஆரோக்கியமான நாய்களின் வாயில் சாதாரணமாக வாழ்வது இது. பூனைகளிடமும் உண்டு. மனிதனுக்கு இதனால் வந்த ரத்தத் தொற்று மருத்துவ இதழில் முதலில் பதிவானது 1976-இல். டென்மார்க்கில் 1982 முதல் 1995 வரையிலான பதிவுகளைத் திரட்டியபோது, ஆண்டுக்குப் பத்து லட்சம் பேருக்கு 0.5 என்று வந்தது. நெதர்லாந்தில் பின்னர் எடுத்த கணக்கு 0.67. ரத்தத் தொற்றுகளில் முதலிடத்தில் நிற்கும் ஈ.கோலை என்ற குடல் பாக்டீரியா, வசதியான நாடுகளில் பத்து லட்சம் பேருக்குச் சுமார் 480 என்ற அளவில் வருகிறது. ஏறக்குறைய ஆயிரம் மடங்கு வித்தியாசம்.

ஒரு நாடு முழுவதற்குமான எண்ணை டென்மார்க் தர முடிந்ததற்குக் காரணம் உண்டு. 1968-இலேயே அங்கே ஒவ்வொருவருக்கும் ஓர் அடையாள எண் கொடுத்துவிட்டார்கள். மருத்துவமனைச் சேர்க்கை, ஆய்வக முடிவு, இறப்புப் பதிவு எல்லாவற்றையும் அதைக்கொண்டு இணைக்கலாம். ஒரே ஒரு பெரிய மருத்துவமனையின் பதிவை வைத்து இப்படிச் சொல்ல முடியாது. அங்கே வரும் நோயாளிகள் எத்தனை லட்சம் பேரிலிருந்து வருகிறார்கள் என்பது தெரியாதே. மேலே உள்ள எண் கையில் இருக்கும்; கீழே வகுக்க வேண்டிய எண் இருக்காது.

சரி, பத்து லட்சத்துக்கு 0.5 என்றால், சுமார் 60 லட்சம் பேர் உள்ள நாட்டில் ஆண்டுக்குச் சராசரியாக 3 பேர். இவ்வளவு சிறிய எண்ணில் தற்செயல் பெரிய ஆட்டம் காட்டும். சராசரி 3 என்றாலும், இருபது ஆண்டுகளில் ஓர் ஆண்டு ஒருவர்கூட இருக்க மாட்டார். பன்னிரண்டு ஆண்டுகளில் ஓர் ஆண்டு 6 பேரோ அதற்கு மேலோ இருப்பார்கள். ஆகவே இந்த ஆண்டு இரு மடங்கு என்ற செய்தியைப் பார்த்துப் பதறத் தேவையில்லை. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் 2015, 2016-இல் நடந்தது வேறு வகை. ஒரு மாநிலத்தில் ஆண்டுக்கு ஐந்து முதல் பத்துப் பேரிடம் மட்டும் காணப்படும் எலிசபெத்கிங்கியா என்ற பாக்டீரியாவின் தொற்று, அங்கே 63 பேரிடம் உறுதியானது. இந்த அளவுக்கு ஏறினால் அது தற்செயல் இல்லை.

இனி, எனக்கு மிகவும் கவலை தரும் விஷயத்துக்கு வருகிறேன். இந்த எண்கள் எல்லாமே கண்டுபிடிக்கப்பட்டவர்களின் எண்ணிக்கைதான். கல்ச்சர் எடுக்கும் முன்பே ஆன்டிபயாடிக் ஊசி போட்டுவிட்டால் கிருமி வளராமல் போகலாம். கடுமையான செப்சிஸ் (தொற்றால் உடல் உறுப்புகள் பழுதாகும் நிலை) நோயாளிகளிடம் 2019-இல் வெளியான ஓர் ஆய்வில், மருந்துக்கு முன் எடுத்த கல்ச்சரில் 31 சதவீதம் பாசிட்டிவ். மருந்து தொடங்கிய பின் அதே நோயாளிகளிடம் எடுத்ததில் 19 சதவீதம்தான். ரத்தத்தின் அளவும் முக்கியம். ஒரே ஒரு செட் (ஒரு முறை ஊசி குத்தி எடுத்த ரத்தத்தை விட்ட பாட்டில்கள்) எடுத்தால் நான்கில் ஒரு தொற்று தவறிப்போகும். இரண்டு செட் எடுத்தால் பத்தில் ஒன்றுதான் தவறும். அப்புறம், கேப்னோசைட்டோஃபேகா மெதுவாக வளரும் கிருமி, சில நேரம் ஐந்து நாளுக்கும் மேல் ஆகும். வளர்ந்தாலும் பழைய சோதனைகளில் பெயர் சொல்வது கடினமாக இருந்தது. கிருமியின் புரதங்களை அளந்து பெயர் சொல்லும் மால்டி-டாஃப் கருவி ஆய்வகங்களுக்குப் பரவலாக வந்த பிறகுதான் அது எளிதானது. ஃபின்லாந்தின் ஹெல்சிங்கி பகுதியில் பின்னாளில் வந்த கணக்கு, பத்து லட்சத்துக்கு 4-ஐத் தாண்டியது. நோய் அத்தனை மடங்கு பெருகிவிட்டது என்று நான் அதைப் படிக்கவில்லை. தேடியவர்களுக்குக் கிடைத்தது என்றுதான் படிக்கிறேன்.

இன்னொன்று, 0.5 என்பது எல்லோர் மீதும் சமமாகப் பரப்பிய சராசரி. நோய் அப்படிச் சமமாக வருவதில்லை. மண்ணீரல் அகற்றப்பட்டவர்கள், அதிகம் மது அருந்துபவர்கள், கல்லீரல் சுருங்கியவர்கள், நோய் எதிர்ப்பைக் குறைக்கும் மருந்து எடுப்பவர்கள் ஆகியோருக்கு ஆபத்து பல மடங்கு கூடுதல். ரத்தத்தில் பரவியவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் இறக்கிறார். அதே நேரம், பாதிக்கப்பட்டவர்களில் சுமார் 40 சதவீதம் பேருக்கு முன்பே தெரிந்த எந்தக் குறையும் இருந்ததில்லை என்பதையும் மறைக்க விரும்பவில்லை.

மண்ணீரல் இல்லாதவர்கள் நாயை வீட்டை விட்டு அனுப்ப வேண்டியதில்லை. கடி எவ்வளவு சின்னதாக இருந்தாலும் உடனே சோப்பும் தண்ணீரும் விட்டு நன்றாகக் கழுவி, அன்றே டாக்டரைப் பாருங்கள். பெரும்பாலும் அமாக்சிசிலின்-கிளாவுலனேட் என்ற ஆன்டிபயாடிக் தொடங்குவார்கள். வெறிநாய்க்கடி தடுப்பூசி தேவையா என்று கேட்பதும் தனியாக நடக்க வேண்டும். நிமோகாக்கஸ், மெனிங்கோகாக்கஸ், ஹிப் (ஹீமோஃபிலஸ் இன்ஃப்ளுயென்சா பி) ஆகிய பாக்டீரியாக்களுக்கான தடுப்பூசிகளும் ஆண்டுதோறும் ஃப்ளூ ஊசியும் விட்டுப்போகக் கூடாது. காய்ச்சல், வாந்தி, வயிற்றுவலி, தோலில் ஊதாத் திட்டுகள் வந்தால் நாளைக்குப் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள். சில மணி நேரத்திலேயே நிலைமை கைமீறிவிடும். அவசர சிகிச்சைப் பிரிவில் முதல் வாக்கியமாக “எனக்கு மண்ணீரல் இல்லை” என்று சொல்லுங்கள்.

டாக்டர்களிடம் ஒரு வேண்டுகோள். கல்ச்சர் படிவத்தில் ‘காய்ச்சல்’ என்று மட்டும் எழுதி அனுப்பாதீர்கள். ‘மண்ணீரல் இல்லை, நாய்க்கடி’ என்று எழுதினால் போதும், பாட்டிலை வழக்கமான ஐந்து நாளுக்குப் பிறகும் வைத்திருப்போம். ரத்த ஸ்மியரில் (கண்ணாடித் தகட்டில் மெல்லியதாகப் பரப்பிய ரத்தத்துளி) வெள்ளை அணுக்களுக்குள்ளே மெல்லிய குச்சிக் கிருமிகள் தெரிகின்றனவா என்று அன்றைக்கே தேடிப் பார்ப்போம்.