வாட்ஸ்அப்பில் வந்த சிறுநீரகம்

"டாக்டர், செயற்கைச் சிறுநீரகம் வந்துவிட்டதாமே? அதுவரை டயாலிசிஸைத் தள்ளிப்போட முடியாதா?" சிறுநீரக மருத்துவர்கள் யாரும் இந்தக் கேள்விக்குத் தப்ப முடியாது. கைப்பிடி அளவில் ஒரு கருவி, அதைக் கையில் ஏந்திய விஞ்ஞானி. வாட்ஸ்அப்பில் இந்தப் படம் பல ஆண்டுகளாகப் புதுச் செய்தியாகவே சுற்றிவருகிறது. கருவி உண்மைதான். 'வந்துவிட்டது' என்பதுதான் பொய்.

படத்தில் இருப்பவர் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான்பிரான்சிஸ்கோ வளாகத்தைச் சேர்ந்த ஷுவோ ராய். அவருடைய குழுவின் கருவியில் இரண்டு பகுதிகள் உண்டு. நுண்துளைச் சிலிக்கான் சல்லடை ரத்தத்தை வடிகட்டும். இதயம் தரும் அழுத்தமே போதும், பம்ப் வேண்டாம். வடிந்த நீரிலிருந்து உப்பையும் தண்ணீரையும் உயிருள்ள சிறுநீரகச் செல்கள் மீட்டெடுக்க வேண்டும். நம் சிறுநீரகங்கள் நாளொன்றுக்குச் சுமார் 180 லிட்டர் வடித்து, ஒன்றிரண்டு லிட்டர் தவிர அத்தனையையும் உடலுக்கே திருப்பித் தருகின்றன. டயாலிசிஸ் இயந்திரத்தில் இந்த வேலைக்குச் செல்களே இல்லை. 2023இல் வெளியான ஆய்வில், செல்கள் வைத்த பகுதி பன்றிகளின் உடலில் 7 நாள் தாக்குப்பிடித்தது. நோய் எதிர்ப்பை அடக்கும் மருந்துகூடத் தரவில்லை. என்னைப் போன்றவர்களுக்கு இது பெரிய செய்தி. ஆனாலும் பன்றி, 7 நாள்.

இடுப்பில் கட்டிக்கொள்ளும் டயாலிசிஸ் கருவியை அமெரிக்காவின் சியாட்டிலில் நோயாளிகளிடமே சோதித்தார்கள். திரவத்தில் கரியமில வாயுக் குமிழிகள் சேர்ந்தது உள்ளிட்ட கோளாறுகளால் சோதனை பாதியில் நின்றது.

2024 மார்ச்சில் பாஸ்டனில், 69 மரபணு மாற்றங்கள் செய்த பன்றிச் சிறுநீரகத்தை ஒருவருக்குப் பொருத்தினார்கள். இரண்டு மாதத்துக்குள் அவர் இறந்தார்; இதயநோயாளி அவர். டயாலிசிஸுக்காக ரத்தத்தை வெளியே எடுத்துத் திருப்பி ஏற்ற ரத்தக்குழாயில் அமைத்த வழி அவருக்கு அடிக்கடி அடைத்துக்கொண்டது. அதுவே அவரை அந்தத் துணிச்சலான முடிவை நோக்கித் தள்ளிய காரணங்களில் ஒன்று.

இங்கே பலர் அந்த வழியை அமைத்துக்கொள்ளவே தயங்குகிறார்கள். கையில் ஃபிஸ்டுலா (தமனியையும் சிரையையும் அறுவை செய்து இணைப்பது) போட்டால் அது முதிர வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் ஆகும். தள்ளிப்போட்டவர்கள் ஒருநாள் மூச்சுத்திணறி அவசரப் பிரிவுக்கு வருகிறார்கள். கழுத்தில் குழாய் செருக வேண்டியிருக்கிறது, கூடவே கிருமித்தொற்று அபாயமும். மாற்றுச் சிறுநீரகத்துக்குப் பதிவுசெய்து காத்திருப்பவருக்கும் இதே கதைதான்.

ரத்தத்தில் கிரியாட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு) ஏறிக்கொண்டிருந்தால், ஃபிஸ்டுலாவுக்காக எழுதாத கையின் ரத்தக்குழாய்களைப் பத்திரப்படுத்துங்கள். அந்தக் கையில் ஊசி போடவோ, டிரிப் ஏற்றவோ, பரிசோதனைக்கு ரத்தம் எடுக்கவோ விடாதீர்கள். செவிலியர் ஊசியோடு வரும்போது மறு கையை நீட்டுங்கள். அதிலும் புறங்கையைக் காட்டுங்கள்.