‘வீச்சு’ இருக்க ‘வரம்பு’ ஏன்?

சென்ற சம்பா அறுவடை முடிந்த கையோடு எங்கள் ஊரில் ஒரு துண்டறிக்கை கொடுத்தார்கள். புது நெல் ரகம் ஒன்றை மன்னார்குடிப் பக்கம் ஐந்து வயல்களில் போட்டுப் பார்த்த கணக்கு அது. ஏக்கருக்கு 21, 27, 28, 29, 30 மூட்டை என்று வரிசையாக அச்சிட்டு, அடியில் ‘சராசரி 27 மூட்டை, வரம்பு 9 மூட்டை’ என்று போட்டிருந்தார்கள். பக்கத்து வயல்காரர் அதைக் கையில் பிடித்துக்கொண்டு என் வீட்டுத் திண்ணைக்கு வந்துவிட்டார்.

“ஏக்கருக்கு ஒன்பது மூட்டைதான் வரம்பா சார்? மீதி நெல்லை யாரிடம் போடுவது?”

அவர் படித்ததில் பிழை இல்லை. எழுதியவர்தான் பிழை செய்தார். 30 மூட்டையில் 21ஐக் கழித்தால் வரும் ஒன்பதுதான் அந்த ஒன்பது. ஓர் எண் தொகுதியின் மிகப் பெரிய மதிப்பிலிருந்து மிகச் சிறிய மதிப்பைக் கழித்துப் பெறும் இந்த அளவுக்குத் தமிழ்நாட்டுப் பாடநூலில் ‘வீச்சு’ என்று பெயர். எண்கள் எவ்வளவு சிதறிக் கிடக்கின்றன என்று காட்டும் சிதறல் அளவைகளில் இதுதான் எளியது. முப்பது ஆண்டுகள் கரும்பலகையில் எழுதிய சொல் என்பதால் எனக்குக் கோபம் சற்று அதிகம்தான்.

பிறப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இந்த அளவுக்கு ஆங்கிலத்தில் ‘ரேஞ்ச்’ என்று பெயர். அது, வரிசை என்று பொருள்படும் பழைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. பிறகு மலைத்தொடர், குண்டு பாயும் தொலைவு என்று பல பக்கம் கிளைத்தது. நம் ‘வீச்சு’, பேசு பேச்சானது போல, ஏசு ஏச்சானது போல, வீசு என்னும் வினையிலிருந்து பிறந்தது. அரிவாள் வீச்சு, ஒரே வீச்சில் படித்து முடித்தான், பார்வையின் வீச்சு என்று நாள்தோறும் நம் வாயில் புழங்குகிறது. வாய்க்காலில் வீச்சுவலை போடுகிறவரைப் பாருங்கள். கையை விட்டதும் வலை வட்டமாக விரிந்து தண்ணீரில் விழும். இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரைக்கும் அது பிடித்த இடம் எவ்வளவோ, அவ்வளவு வீச்சு. கணக்கில் வரும் பொருளும் அதுவேதான்.

இலங்கையில் சராசரியை ‘இடை’ என்பார்கள், அதிகத் தடவை வரும் எண்ணை நாம் முகடு என்றால் அவர்கள் ‘ஆகாரம்’ என்பார்கள், எண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு விலகி நிற்கின்றன என்று காட்டும் நம் திட்ட விலக்கம் அங்கே ‘நியம விலகல்’. வீச்சு மட்டும் கடலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வீச்சாகவே இருக்கிறது. இப்படி ஒற்றுமையாக வாழும் ஒரு சொல்லைத்தான் இப்போது கலைக்கிறார்கள்.

வரம்பு என்பது என்ன? வயது வரம்பு, கடன் வரம்பு, வருமான வரம்பு. இதைத் தாண்டாதே என்று யாரோ ஒருவர் முன்கூட்டியே போட்டு வைத்த கோடு. ‘வரம்பு மீறிப் பேசாதே’ என்றால் குழந்தைக்குக்கூடப் புரியும். கொள்முதல் நிலையத்தில் நெல்லின் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்கிறார்களே, அது வரம்பு. மழை பிடித்துக்கொண்டால் அதை 22 ஆக்குங்கள் என்று கேட்கிறோமே, அதுவும் வரம்பு. களத்தில் மூன்று குவியல் கிடக்கிறது, கருவியில் 15.8, 18.4, 20.3 என்று காட்டுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வீச்சு 4.5. இந்த 4.5ஐ யாரும் விதிக்கவில்லை, யாரும் மீறவும் முடியாது. வெயிலும் பனியும் செய்த வேலை அது. ‘வரம்பு 4.5’ என்று எழுதிப் பாருங்கள், லாரியைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

டெல்டாக்காரனுக்கு இதில் இன்னொரு உறுத்தலும் உண்டு. வரம்பும் வரப்பும் ஒரே வீட்டுப் பிள்ளைகள். வரப்பு வயலின் ஓரம். ஒரு வரப்பிலிருந்து எதிர் வரப்புக்கு எத்தனை அடி என்று கேட்டால் வயலின் அகலத்தைத்தான் சொல்வோம், வரப்பைக் காட்ட மாட்டோம். ஜவுளிக்கடை விளம்பரம் ஒன்றில் ‘பட்டுப் புடவைகளின் பரந்த வரம்பு’ என்று பார்த்தேன். பரந்த வரப்பு போட்டால் எங்கள் பக்கம் பங்காளிகள் பஞ்சாயத்துக்குப் போவார்கள். மண்வெட்டியால் ஆண்டுக்கு ஒரு சாண் செதுக்கி, வரப்பை ஒற்றையடிப் பாதையாக்கி வைத்திருக்கும் ஊர் இது. ‘பலவகைப் பட்டுப் புடவைகள்’ என்று எழுதினால் எந்தப் புடவை சாயம் போய்விடும்? அதே ஆட்கள்தான் கைப்பேசித் திட்டத்துக்கு ‘வரம்பற்ற அழைப்புகள்’ என்று சரியாக எழுதுகிறார்கள். அங்கே வரம்பு என்றால் கட்டுப்பாடு என்று தெரிகிறது. அகராதியில் முதலில் கண்ணில் பட்ட சொல்லை எடுத்து ஒட்டிவிட்டு அடுத்த வரிக்குப் போகும் அவசரம் இது. எந்திரம் மொழிபெயர்த்தது என்கிறார்கள். அச்சுக்கு அனுப்பியவருக்குக் கண் இருந்ததா இல்லையா?

‘நெடுக்கம்’ என்று எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள். நல்ல தமிழ்தான், மறுக்கவில்லை. ஆனால் ஏற்கெனவே ஊன்றிவிட்ட தமிழ்ச்சொல்லைப் பிடுங்கி இன்னொரு தமிழ்ச்சொல்லை நடுவதில் எனக்குச் சம்மதமில்லை. ‘இடைவெளி’யும் ஆகாது. அது, எண்களைப் பிரிவு பிரிவாகத் தொகுக்கும்போது ஒரு பிரிவின் அகலத்தைச் சொல்லும் பிரிவு இடைவெளிக்கு என்று வகுப்பறையில் முன்பே இடம் பிடித்துவிட்டது. வெப்பநிலை, விலை போன்றவற்றில் இரண்டு முனைகளையும் சொல்ல வேண்டுமானால் பெயர்ச்சொல்லே வேண்டாம். ‘24 முதல் 33 டிகிரி வரை’ போதும். கழித்துக் கிடைத்த ஒற்றை எண்ணுக்குத்தான் வீச்சு.

வீச்சிலும் ஒரு சிக்கல் இருக்கிறது, மறைக்க மாட்டேன். இயற்பியலில் ஊசல் நடுநிலையிலிருந்து ஒரு பக்கம் எட்டும் தொலைவும் வீச்சுதான். கணக்கில் ஒரு முனை முதல் மறுமுனை வரை. அதை இதோடு குழப்பி, பாதியை எழுதிவிட்டு மதிப்பெண் இழந்த மாணவர்கள் உண்டு. கணக்கில் சார்பு என்று ஒன்று உண்டு. அதற்குள் போடும் மதிப்புகளின் தொகுதி மதிப்பகம். வெளியே வரும் மதிப்புகளின் தொகுதிக்கு ‘வீச்சகம்’ என்று வால் சேர்த்து அதோடு ஜோடியாக்கியவர் கெட்டிக்காரர். ஊசலுக்கும் அப்படி ஒன்று செய்திருக்கலாம்.

துண்டறிக்கையில் ‘வரம்பு’ என்பதை அடித்து, மேலே ‘வீச்சு’ என்று எழுதி, 30இலிருந்து 21ஐக் கழித்துக் காட்டினேன். பக்கத்து வயல்காரர் கொஞ்ச நேரம் அந்த ஐந்து எண்களையே பார்த்தார். பிறகு 21ஐக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டார்.

“இதை விட்டால் மூன்று மூட்டைதானே சார் வீச்சு? இது கடைமடை வயல். தண்ணீர் தாமதமாகப் போயிருக்கும்.”