‘அவங்க கலாசாரமே அப்படித்தான்’ என்று இனி சொல்லாதீர்கள்

தென் லண்டனில் தம்பதியருக்கு ஆலோசனை சொல்வது என் வேலை. வருகிறவர்களில் கரீபியன் வழிவந்த கறுப்பினக் குடும்பங்கள் நிறைய. போன வாரம் ஒருவர், அதுவும் நம் தமிழர், சமூகப் பணித் துறையில் இருப்பவர், “அவங்க ஆம்பளைங்க குடும்பத்துல நிக்க மாட்டாங்க, அது அவங்க கலாசாரம்” என்றார். கேட்டுக் கேட்டுப் புளித்துவிட்டது.

சரி, கலாசாரத்தையே பேசுவோம். இவர்களின் முன்னோர் அடிமைகளாக இருந்த கரீபியன் தீவுகளின் பிரிட்டிஷ் கரும்புத் தோட்டங்களில் கணவனை ஒரு முதலாளிக்கும் மனைவியை இன்னொருவருக்கும் விற்க முடிந்தது. முழு விடுதலை 1838இல்தான். 1948க்குப் பிறகு பிழைப்புக்காக அங்கிருந்து பிரிட்டனுக்குக் கப்பலேறி வந்தவர்களில் பலர் பிள்ளைகளைப் பாட்டியிடம் விட்டுவிட்டு வந்தார்கள். கையில் காசு சேர்ந்த பிறகே அழைத்துக்கொண்டார்கள். இத்தனையையும் தாண்டிக் குடும்பம் நடத்துகிறவர்களைப் பார்த்து, பிரிவது அவர்கள் ரத்தத்தில் ஊறியது என்றால் கோபம் வராதா?

என் அறையில் நடப்பதைக் கேளுங்கள். (அடையாளங்களை மாற்றியிருக்கிறேன்.) கணவர் இரவுப் பேருந்து ஓட்டுகிறார், மனைவிக்கு மருத்துவமனையில் பகல் ஷிஃப்ட். பேச்சுவார்த்தை எல்லாம் ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிய துண்டுக் காகிதத்தில். ஜமைக்காவில் இருக்கும் அம்மாவுக்கு அவர் அனுப்பும் பணம் மனைவிக்குத் தெரியாது. மனைவி ‘பார்ட்னர்’ கட்டுவது அவருக்குத் தெரியாது. பார்ட்னர் என்பது நம் ஊர்ச் சீட்டேதான். ஏலம் கிடையாது, முறை வைத்து எடுப்பார்கள். வங்கிகள் கடன் தர மறுத்த காலத்தில் பல குடும்பங்கள் வீடு வாங்க அதுதான் கைகொடுத்தது. இந்த வீட்டிலோ, முறை வந்து மொத்தப் பணம் கைக்கு வந்த அன்றே சண்டை வெடித்தது. வாடகை பாக்கி இருக்கும்போது ஒளித்து வைத்தாயா என்று அவர், ஊருக்கு அனுப்பியதை மறைத்தது யார் என்று இவர். இதில் கலாசாரம் எங்கே வந்தது?

ஆவணப் பிரச்சினை இன்னொன்று. சிறுவயதில் சட்டப்படி வந்து இங்கேயே உழைத்தவர்களிடம் இங்கே வாழும் உரிமைக்குக் காகிதம் கேட்டு வேலையைப் பறித்த கொடுமை 2018இல் அம்பலமானது. வேலை போன மனிதர் வீட்டில் வாயைத் திறப்பதில்லை. மனைவிக்கு அது அலட்சியமாகத் தெரிகிறது.

மருத்துவமனை வார்டிலோ பள்ளியிலோ இவர்களோடு வேலை செய்பவரா நீங்கள்? முதலில் இருவரின் ஷிஃப்ட் நேரத்தைக் கேளுங்கள், குணத்தை அப்புறம் எடை போடலாம். சபைப் போதகரிடம் போகிறோம் என்றால் முகம் சுளிக்காதீர்கள். அங்கே போகட்டும், இங்கேயும் வரட்டும். பதிவு செய்யாமல் சேர்ந்து வாழ்கிறார்களா? இங்கிலாந்தில் எத்தனை வருடம் ஆனாலும் அது சட்டப்படி திருமணம் ஆகாது. வீடு யார் பேரில் என்று இப்போதே பார்க்கச் சொல்லுங்கள். அப்புறம், அடி உதை இருந்தால் தயவுசெய்து இருவரையும் ஒன்றாக உட்காரவைத்துப் பேசாதீர்கள். அடி வாங்கியவரைத் தனியாகச் சந்தியுங்கள்; உடனடி ஆபத்து என்றால் 999 என்ற அவசர எண்ணை அழையுங்கள்.